இரண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி
ஒரே கம்ப்யூட்டருக்குள் பல மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இரண்டு உபுண்டு (லினக்ஸ்) சர்வர்கள் போட்டிருந்தேன். இரண்டிலும் இன்டர்நெட் ஜோராக வந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு எஸ்எஸ்ஹெச் (ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி) மட்டும் போகவில்லை. பார்த்தால் இரண்டுக்குமே ஐபி (நெட்வொர்க் முகவரி) 10.0.2.15! மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மோதுகிறதோ என்று அதை மாற்றி மாற்றியே ஒரு சாயங்காலம் போயிற்று. விஷயம் வேறு. இரண்டும் இருந்த நாட் (NAT) என்ற நெட்வொர்க் முறையில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீடு இருப்பதே அதற்குத் தெரியாது.

சரி, நாட்டை இன்டர்நெட்டுக்காக அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது அடாப்டராக (நெட்வொர்க் கார்டாக) ஹோஸ்ட்-ஒன்லி சேர்த்தேன்; அது கம்ப்யூட்டருக்கும் அதற்குள் ஓடும் மெஷின்களுக்கும் இடையில் மட்டும் இருக்கும் நெட்வொர்க். அப்புறமும் அந்தக் கார்டுக்கு ஐபி வரவில்லை. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகளை எழுதும் நெட்பிளான் கோப்பில் முதல் கார்டு மட்டும்தான் இருந்தது. இரண்டாவது கார்டின் பெயரான இஎன்பி0எஸ்8-ஐயும் (enp0s8) எழுதி, அதன் கீழே தானாக ஐபி வாங்கித் தரும் டிஹெச்சிபி4-ஐ (dhcp4) ட்ரூ (true) ஆக்கி (வரியை உள்ளே தள்ள டேப் தட்டினால் திட்டும், ஸ்பேஸ்தான்), நெட்பிளான் அப்ளை கொடுத்தேன். 192.168.56.101, 102 என்று வரிசையாக வந்தன. எஸ்எஸ்ஹெச்சும் பாஸ்வேர்டு கேட்டது, அதாவது இணைப்பு கிடைத்துவிட்டது.