கடற்பாசி எடுக்கும் பெண்ணை வாக்குரிமைச் சுவரொட்டியாக அச்சிடும் முறை

லண்டனில் 1909-இல் தொடங்கிய 'சஃப்ரஜ் அடெலியே' குழுவினர், அச்சகத்தை நம்பியிராமல் மரக்கட்டையிலும் லினோ என்ற மென்மையான தகட்டிலும் படம் செதுக்கித் தாங்களே கையால் அச்சிட்டுப் பெண்களின் வாக்குரிமைக்காகச் சுவரொட்டிகளை வெளியிட்டார்கள். தேர்தல் நாளுக்கோ மகளிர் தினத்துக்கோ பாம்பன், மண்டபம் பக்கத்து மகளிர் குழுக்கள் இம்முறையை அப்படியே கைக்கொள்ளலாம்.

முதல் வேலை, உருவத்தைத் தேர்வது. ஓட்டுக் கேட்கும் பெண்ணை வீட்டைத் துறந்த சண்டைக்காரியாக எதிர்த்தரப்பார் வரைந்தபோது, இக்குழுவினர் தாதியையும் தாயையும் ஆலைத் தொழிலாளியையும் வரிசையாக நிறுத்தி, இவர்களுக்கெல்லாம் ஏன் ஓட்டு இல்லை என்று கேட்டார்கள். ஆகவே பாரத மாதாவைப் போன்ற பொது உருவம் வேண்டாம். நீர்மூழ்கிக் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையோடு கடலிலிருந்து எழும், கடற்பாசி எடுக்கும் பெண்ணையே வரையுங்கள். சென்னை மாகாணம் 1921-இல் பெண்களுக்கு ஓட்டளித்தபோதும் சொத்துத் தகுதி கேட்டது. சொத்தில்லாத இப்பெண்களின் கைக்கு ஓட்டு 1951–52 பொதுத் தேர்தலில்தான் வந்து சேர்ந்தது என்பதால், அந்தத் துணி சுற்றிய விரல்களைப் பெரிதாகக் காட்டுவதே பொருத்தம்.

நிறம் இரண்டு போதும். பிரிட்டனில் பெண்களின் ஓட்டுக்காகப் போராடிய பாங்கர்ஸ்ட் அம்மையாரின் இயக்கம் 1908-இல் ஏற்ற ஊதா, வெள்ளை, பச்சை ஆகியவை முறையே மாண்பையும் தூய்மையையும் நம்பிக்கையையும் குறித்தன. வெள்ளையைத் தாளே தந்துவிடும்.

எழுத்தில்தான் பொறுமை தேவை. லினோவில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நான் முதலில் இதை மறந்து ஒரு முழுத் தகட்டை வீணாக்கினேன். அட்டையில் துளை வெட்டி மை பூசுவதானால், 'பெண்' என்ற சொல்லின் கொம்புச் சுழியும் ணகரச் சுழிகளும் உதிர்ந்து விழும். ஒவ்வொரு சுழியின் உட்பகுதியையும் வெளி அட்டையோடு இணைக்க அரிசி அகலத்தில் ஒரு பாலம் விட்டு வெட்டுங்கள்.

மையை உருளையால் மெல்லியதாகப் பரப்பி, தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். வாடைக் காலத்தின் ஈரக்காற்றில் எண்ணெய் மை காயத் தாமதமாகும். திறந்த வெளியில் தொங்கவிட்டால் மணல் ஒட்டும் என்பதால் வீட்டுக்குள் கொடி கட்டி, முதல் நிறம் முற்றும் காய்ந்த பிறகே அடுத்ததை அச்சிடுங்கள்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். அதில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைக் கலப்பது சுவரொட்டிக்காரர்களின் வழக்கம். ஆனால் ஆடுகள் காகிதம் மேயும் நம் தெருக்களில் அதைச் சேர்க்காதீர்கள்.