இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் தொடக்க அமைப்புகளைக் கையாளுதல்

யாழ்ப்பாணத்தில் ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போர் பலர். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தை அண்டித் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பாடத் தேவைக்காக லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவை நிறுவுகின்றனர். தட்டச்சு நிலையங்களோ பாமினி எழுத்துருவில் குவிந்துள்ள பழைய கோப்புகளுக்காக விண்டோஸைக் கைவிட முடியாதுள்ளன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஐ ஏற்காத கணினிகளிலும் லினக்ஸ் இடம்பிடிக்கிறது. இத்தகைய கணினி ஒருநாள் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் தெரிவுப் பட்டியலைக் காட்டாமல் நேரே விண்டோஸுக்குள் போய்விட்டால், அதை உடனே ‘போமற்’ செய்யக் கொடுத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அங்கே எதுவும் அழிந்திருக்காது. வரிசை மட்டுமே மாறியிருக்கும்.

எந்த இயங்குதளம் முதலில் எழ வேண்டும் என்பது இரண்டு படிகளில் தீர்மானிக்கப்படுகிறது. முதற்படி தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ (UEFI), அதாவது கணினியை இயக்கியவுடன் முதலில் எழும் அடிப்படை மென்பொருள். அது தனது நினைவகத்தில் ஒரு தொடக்க வரிசையை வைத்திருந்து, வன்தட்டில் உள்ள ஃபற்32 (FAT32) என்ற கோப்பு முறையில் அமைந்த சிறியதொரு பிரிவிலிருந்து உரிய கோப்பை எடுத்து இயக்குகிறது. அப்பிரிவில் விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் இருப்பதால் ஒன்று மற்றதை அழிப்பதில்லை. உபுண்டு முதலிடத்தில் இருந்தால் இரண்டாம் படியாக லினக்ஸின் தொடக்க மென்பொருளான கிரப் (GRUB) எழுந்து தனது பட்டியலைக் காட்டும். விண்டோஸின் பெரிய இற்றைப்படுத்தலுக்குப் பின் பட்டியல் காணாமற் போகிறதென்றால், முதற்படியில் விண்டோஸ் முன்னுக்கு வந்துவிட்டது என்றே முதலில் ஐயுற வேண்டும்.

எதையும் மாற்றுமுன், வட்டிலுள்ள தரவை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிற்லொக்கர் (BitLocker) இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்க வரிசையையோ, நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செக்கியூர் பூட் (Secure Boot) அமைப்பையோ மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். வெளிநாட்டு உறவினர் கொடுத்தனுப்பிய மடிகணினியானால் அந்தச் சாவி அவருடைய மைக்ரோசொப்ற் கணக்கில் இருக்கக்கூடும் என்பதால், அவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விண்டோஸில் பிற்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இந்த ஓர் எச்சரிக்கையை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. சாவி இல்லாதவருக்குத் தரவு திரும்பக் கிடைப்பதில்லை.

வரிசையைச் சரிசெய்ய, கணினியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. அங்கே உபுண்டுவைத் தெரிவுசெய்து உள்ளே சென்று, கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் ‘ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ (efibootmgr) என்ற கட்டளையை இட்டால் பதிவுகள் நான்கு இலக்க எண்களுடன் தோன்றும். உதாரணமாக விண்டோஸுக்கு 0000 உம் உபுண்டுவுக்கு 0003 உம் இருந்து, வரிசை 0000,0003 என்று காட்டப்பட்டால், காரணம் அதுவே. அத்திரையை முதலில் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதே கட்டளையை நிர்வாகி உரிமையுடன், ‘-ஓ’ தெரிவையும் 0003,0000 என்ற புதிய வரிசையையும் சேர்த்து இட்டால் போதும் (sudo efibootmgr -o 0003,0000). வரிசையில் இருந்த வேறு எண்களையும் விடாமல் பின்னால் சேர்க்க வேண்டும்.

கிரப் எழுந்தும் அதன் பட்டியலில் விண்டோஸ் இல்லையென்றால் காரணம் வேறு. 2021 இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் (os-prober) என்ற நிரல் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஈரிசி கோப்புறையினுள் டிபோல்ற் என்ற கோப்புறையில் உள்ள கிரப் கோப்பைத் (/etc/default/grub) திறந்து, ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரியின் (GRUB_DISABLE_OS_PROBER) மதிப்பை ‘ஃபோல்ஸ்’ (false) ஆக்கி, வரியின் முன் கருத்துக்குறி (#) இருந்தால் அதையும் நீக்கிச் சேமித்து, ‘சூடோ அப்டேற்-கிரப்’ (sudo update-grub) கட்டளையை இட வேண்டும். அக்கட்டளை தானாக உருவாக்கும் கிரப்.சிஎஃப்ஜி (grub.cfg) கோப்பில் நேரடியாகக் கைவைப்பது வீண். அடுத்த இற்றைப்படுத்தலில் அது மீண்டும் எழுதப்பட்டுவிடும்.

இயல்பாக எது எழ வேண்டும் என்பதையும் டிபோல்ற் கோப்புறையில் உள்ள அந்த கிரப் கோப்பே தீர்மானிக்கிறது. தனியொருவர் பயன்படுத்தும் கணினியில் இயல்புத் தெரிவை (GRUB_DEFAULT) ‘சேவ்ட்’ (saved) என மாற்றி, கடைசித் தெரிவைச் சேமிக்கும் வரியையும் (GRUB_SAVEDEFAULT) ‘ட்ரூ’ (true) ஆக்கினால், முன்பு இயக்கியதே மறுபடியும் எழும். பலர் மாறி மாறி அமரும் தட்டச்சு நிலையத்திற்கு இது உகந்ததன்று. மின்தடைக்குப் பின் யார் இயக்கினாலும் விண்டோஸே வர வேண்டுமாதலால், அங்கே அதை நிலையாகக் குறித்து, காத்திருப்பு நேரத்தை (GRUB_TIMEOUT) 5 வினாடிகளாக வைக்கலாம். 0 இலிருந்து எண்ணும் வரிசை எண்ணைக் குறிப்பதைவிட, பட்டியலில் தெரியும் பெயரை எழுத்துக்கு எழுத்து மேற்கோளுக்குள் எழுதுவதே நம்பகமானது. புதிய பதிவு ஒன்று இடையில் சேர்ந்தால் எண்கள் நகர்ந்துவிடும்.

விண்டோஸின் விரைவுத் தொடக்க (Fast Startup) வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்போது கணினி முழுமையாக நிற்பதில்லை என்பதால், விண்டோஸ் பிரிவைத் திறந்தாலும் அதில் எழுத முடியாமல் லினக்ஸ் தடுமாறும். கடிகாரமும் இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணித்தியாலம் முன்பின்னாக ஓடக்கூடும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் எதிர்பார்ப்பதே காரணம். ‘ரைம்டேற்சிரிஎல் செற்-லோக்கல்-ஆர்ரிசி 1’ (timedatectl set-local-rtc 1) என்ற கட்டளை லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்குக் கொண்டுவரும். பருவத்துக்குப் பருவம் நேரம் மாற்றும் நாடுகளில் இம்முறை சிக்கல் தரும். இலங்கையில் அந்த வழக்கம் இல்லாததால் தயங்கத் தேவையில்லை.

லினக்ஸை நீக்க விரும்புவோர் அதன் வட்டுப்பிரிவை முதலில் அழித்துவிடக் கூடாது. அழித்தால் கிரப் தன் கோப்புகளைக் காணாமல் மீட்புத் திரையிலேயே நின்றுவிடும். விண்டோஸை வரிசையில் முதலாவதாக்கி, ஒருமுறை மீள இயக்கி அது நேரே எழுவதைக் கண்ட பின்னரே பிரிவை நீக்க வேண்டும்.