மேக்சிமாவில் முதல் கணக்கு: செய்த வழி சரியா என்று நீங்களே பார்க்க ஒரு இலவச மென்பொருள்

ஹட்டனிலிருந்து உள்ளே போகும் தோட்டங்களில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குக்குப் பஞ்சமில்லை. கடந்தகால வினாத்தாள் எப்படியும் கைக்கு வந்துவிடும். செய்த கணக்கு சரியா, பிழை என்றால் எந்த வரியில் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. டியூசன் சேர் வரும் நாள் வரை அது கொப்பியில் அப்படியே கிடக்கும். அந்த இடைவெளிக்கு உதவும் ஒரு மென்பொருளை இங்கே காட்டுகிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

பெயர் மேக்சிமா. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1968இல் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற திட்டத்தின் வழித்தோன்றல் இது. டெக்சஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் மேக்சைமாவின் ஒரு பிரதியைப் பராமரித்து வந்தார். 1998இல் அனுமதி பெற்று, அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2001இல் அவர் இறந்தபின் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். அதனால்தான் காசு கட்டாமல், யாரிடமும் கேட்காமல் இதை நண்பனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

நிறுவுவது

உங்களுக்குத் தேவை 'டபிள்யூஎக்ஸ்மேக்சிமா'. மேக்சிமாவுக்கு மெனுவும் பொத்தானும் சேர்த்துத் தரும் முகப்பு இது. விண்டோஸுக்கான நிறுவுகோப்பில் இரண்டும் சேர்ந்தே வரும். லினக்ஸ் என்றால் மென்பொருள் களஞ்சியத்தில் தேடி எடுக்கலாம். லயத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தால் டவுனில் ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். நிறுவியபின் இணையம் தேவையே இல்லை.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். 'எக்ஸ்' என்பது பாடநூலில் வரும் அதே மாறிதான்.

முதல் தட்டு

திறந்ததும் வெற்றுப் பக்கம் வரும். இதைத் தட்டுங்கள்:

1/3 + 1/7;

என்டரை மட்டும் அழுத்தினால் அடுத்த வரிக்குத்தான் போகும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு என்டரை அழுத்த வேண்டும். விடை 10/21 என்று பின்னமாகவே வரும். தசமம் வேண்டுமென்றால் ஃப்ளோட்(%); என்று கொடுங்கள், 0.4761904761904762 வரும். சதவீதக் குறிக்கு இங்கே 'கடைசி விடை' என்று பொருள்.

அடுத்து 2^100; கொடுத்துப் பாருங்கள். 1267650600228229401496703205376 என்று 31 இலக்கமும் வரும். கல்குலேட்டரைப் போல மேக்சிமா மட்டந்தட்டுவதில்லை. மூன்றின் வர்க்கமூலத்தையும் வர்க்கமூலமாகவே வைத்துக்கொள்ளும், நாம் கொப்பியில் எழுதுகிற மாதிரி.

பெருக்கலுக்கு * கட்டாயம். கொப்பியில் 5எக்ஸ் என்று ஒட்டி எழுதுவோம், இங்கே 5*எக்ஸ்.

சமன்பாடு தீர்ப்பது

சால்வ்(எக்ஸ்^2 - 5*எக்ஸ் + 6 = 0, எக்ஸ்);

விடை [எக்ஸ்=3, எக்ஸ்=2]. காற்புள்ளிக்குப் பிறகு வருவது, எந்த மாறிக்கு விடை வேண்டும் என்பது. சில இருபடிச் சமன்பாடுகளுக்கு விடையில் %ஐ என்று ஒன்று வரும். மெய்யெண் மூலம் இல்லை, சிக்கலெண் மூலம்தான் உண்டு என்று அதற்கு அர்த்தம்.

ஒருங்கமை சமன்பாட்டுக்கு நம்மூர்க் கணக்கு ஒன்று. எண்கள் நான் வைத்தவை. ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, உரிய சம்பளம் ஏ ரூபாய், அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் பி ரூபாய். 4 கிலோ மேலதிகமாக எடுத்த நாள் 1400 ரூபாய், 9 கிலோ எடுத்த நாள் 1650 ரூபாய் என்றால்:

சால்வ்([ஏ + 4*பி = 1400, ஏ + 9*பி = 1650], [ஏ, பி]);

பேருக்கு 1200, கிலோவுக்கு 50 என்று வரும். சதுர அடைப்பை மறக்க வேண்டாம்.

வரிக்கு வரி சரிபார்ப்பது

இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். சால்வ் கொடுத்து விடையைப் பார்த்து எழுதிக்கொண்டால் பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் உதவாது. உங்கள் செய்கையை மேக்சிமாவிடம் காட்டி, பிழை எங்கே என்று கேளுங்கள்.

கணக்கு: (எக்ஸ்+3)^2 - (எக்ஸ்-2)^2 ஐச் சுருக்குக. ஒரு பிள்ளை அடுத்த வரியை எக்ஸ்^2 + 6எக்ஸ் + 9 - எக்ஸ்^2 - 4எக்ஸ் + 4 என்று எழுதுகிறது என்று வைப்போம். இரண்டு வரிகளையும் இப்படிக் கொடுங்கள்:

பி: (எக்ஸ்+3)^2 - (எக்ஸ்-2)^2;
கியூ: எக்ஸ்^2 + 6*எக்ஸ் + 9 - எக்ஸ்^2 - 4*எக்ஸ் + 4;
எக்ஸ்பேண்ட்(பி - கியூ);

பெயர் வைக்க முக்காற்புள்ளி. சமன் குறி சமன்பாட்டுக்கு மட்டும். இரண்டு வரியும் சமமாக இருந்திருந்தால் விடை 0. இங்கே 8எக்ஸ் - 8 வருகிறது. கொஞ்சம் நின்று அதைப் பாருங்கள். +4எக்ஸ் வர வேண்டிய இடத்தில் -4எக்ஸ் போட்டால் வித்தியாசம் 8எக்ஸ். -4 வர வேண்டிய இடத்தில் +4 போட்டால் வித்தியாசம் -8. அப்படியென்றால் இரண்டாவது அடைப்பை விரித்தபோது வெளியே இருந்த கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிட்டது, மற்ற இரண்டுக்கும் போகவில்லை. பிழை இருக்கிறது என்பதோடு எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. திருத்தி மறுபடி கழித்தால் 0. சுருக்கினால் 10எக்ஸ் + 5.

எக்ஸ்பேண்ட் போடாமல் வெறுமனே கழித்தால் அடைப்புகள் விரியாமல் அப்படியே நிற்கும், பூச்சியமா என்று தெரியாது. பின்னங்கள் உள்ள கோவை என்றால், கழித்த பிறகு மேலே சிம்ப்ளிஃபை மெனுவில் சுருக்கும் தெரிவை அழுத்துங்கள்.

வகையீட்டுக்கு டிஃப்(எக்ஸ்^3, எக்ஸ்); தொகையீட்டுக்கு இன்டகிரேட்(எக்ஸ்^2, எக்ஸ்); என்று கொடுக்கலாம். டிஃப் என்பதை ஆங்கிலத்தில் தட்டும்போது எஃப் இரண்டு. தொகையீட்டு மாறிலியை மேக்சிமா போடாது. விடைத்தாளில் நீங்கள்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.

அப்புறம், ஒரு தடவை பி என்று பெயர் வைத்தால் அது நினைவில் இருக்கும். அதன்பின் பி வரும் வேறு கணக்கைக் கொடுத்தால் குழப்பமான விடை வரும். புதுக் கணக்குக்கு முன் கில்(ஆல்); கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சேமித்து, அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் சேருக்கு அனுப்பலாம், சிறிய கோப்புதான். மறுபடி திறக்கும்போது கணக்குகள் தாமாக ஓடாது. செல் மெனுவில் எல்லா செல்களையும் இயக்கும் தெரிவை ஒருமுறை அழுத்தினால் வரிசையாக ஓடிவிடும்.