டெண்டருக்கு வரும் கன்சல்டன்சியின் நேர்மையைச் சரிபார்ப்பது எப்படி?

மதிப்பீட்டுக் குழுவில் புதிதாக உட்காருபவர்கள் கருப்புப் பட்டியலைப் புரட்டி, பெயர் இல்லையென்றால் கோப்பை நகர்த்திவிடுவார்கள். அது போதாது. மத்திய அரசு டெண்டர்களுக்கான வேலை வரிசை இது.

படி 1: டெண்டர் ஆவணத்திலேயே பிடி வேண்டும். பொது நிதி விதிகள் 2017-ன் 175-வது விதிப்படி, நலன் முரண் (சொந்த லாபம் நடுநிலையைக் கெடுக்கக்கூடிய நிலை) எதுவாக இருந்தாலும் நிறுவனம் சொல்லியாக வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் எந்த நாட்டிலாவது நேர்மை விதியை (லஞ்சம், மோசடி, கூட்டுச்சதி போன்றவற்றுக்கான தடை) மீறியிருந்தாலும், வேறு அலுவலகம் தடை விதித்திருந்தாலும் அப்படியே. "எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். கேள்விக்குக் கேள்வி தனிப் பதிலும் கையொப்பமும் வாங்குங்கள். பிறகு பொய் என்று தெரிந்தால் நடவடிக்கைக்கு இதுதான் ஆதாரம்.

படி 2: மத்திய பொதுக் கொள்முதல் தளம், உலக வங்கி இரண்டின் தடைப் பட்டியல்களிலும் தேடுங்கள். தடைபட்ட நிறுவனம் புதுப் பெயரில் வரலாம் என்பதால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர்கள் யார், அவர்கள் வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

படி 3: நலன் முரணைத் தேடுங்கள். நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். பணி வரையறையை எழுதியது யார்? திட்ட அறிக்கை தயாரித்த நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் போட்டியிடுகிறதா? உங்கள் துறையின் கண்காணிப்பில் இருக்கும் கம்பெனி அவர்களின் வாடிக்கையாளரா? 2023-ல் ஆஸ்திரேலியாவில் வெடித்த, பெரிய தணிக்கை–ஆலோசனை நிறுவனமான பிடபிள்யூசியின் விவகாரம் இந்த வகைதான். வரிச் சட்டம் வகுக்க அரசுக்கு ஆலோசனை சொன்ன அந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர், ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டு, தகவலைச் சகாக்களுக்குக் கொடுத்தார். பன்னாட்டு நிறுவனங்களிடம் வியாபாரம் பிடிக்க அது பயன்பட்டது. எந்தத் தடைப் பட்டியலும் இதை முன்கூட்டிக் காட்டியிருக்காது. ஆகவே முக்கிய நிபுணர் ஒவ்வொருவரிடமும் தற்போதைய வாடிக்கையாளர் பட்டியலைக் கேளுங்கள்.

படி 4: நிபுணர்களின் தன்விவரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே ஆள் இரண்டு நிறுவனங்களின் விண்ணப்பத்திலும் இருந்தால், இரண்டிடமும் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தால் ஓய்வு தேதியையும் பாருங்கள்: குரூப் ஏ (உயர்நிலை) மத்திய அரசு அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர அரசின் அனுமதி தேவை.

இதையெல்லாம் விலை உறையைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குறைந்த விலை தெரிந்தபின் எழுப்பும் சந்தேகம் யாருக்கோ சாதகமாகச் செய்தது போலத் தெரியும்.

தடை விதிப்பதானால் அதே பொது நிதி விதிகளின் 151-வது விதி: நேர்மை விதி மீறலுக்குக் கொள்முதல் அலுவலகம் அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரைதான் தடுக்கலாம். விளக்கம் தர வாய்ப்புக் கொடுக்காமல் போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது.