புரியாத சுவடியும் ‘புரிந்துவிட்டது’ என்ற செய்தியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மே மாதத்தில் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தபோது ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. எவராலும் வாசிக்க முடியாத வொய்னிச் சுவடியை ஓர் ஆய்வாளர் இரண்டே வாரங்களில் வாசித்துவிட்டார் என்றது அது. “அறுநூறு ஆண்டு மர்மம் விலகியது” என்று தலைப்பிட்டேன். அந்தத் தலைப்பு உண்மையாக நிற்கவில்லை. அடுத்த நாள்களில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். இத்தகைய செய்தியை எழுதுபவர்களுக்கு மட்டுமல்ல, வாசித்துப் பகிர்பவர்களுக்கும் இவை உதவும்.

சுவடியைப் பற்றிச் சற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைனெக்கே நூலகத்தில் அது இருக்கிறது. பழைய புத்தக வணிகரான வில்ஃப்ரிட் வொய்னிச் 1912 இல் அதை வாங்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 240 பக்கங்கள், எல்லாம் கன்றுத்தோல். இனங்காண முடியாத செடிகள், குளங்களில் நிற்கும் பெண்கள், இராசி வட்டங்கள் எனப் படங்கள். அவற்றைச் சுற்றி வேறெங்கும் காணப்படாத எழுத்து. தோலைக் கரிமக் காலக்கணிப்புச் செய்தபோது 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது.

என் முதல் தவறு வினைமுற்றில் இருந்தது. தமிழில் ‘ஆம்’ என்ற விகுதி இருக்கிறது. “மழை பெய்தது” என்றால் நான் கண்டேன். “மழை பெய்ததாம்” என்றால் யாரோ சொல்லக் கேட்டேன். நம் பாட்டிமார் இந்த வேறுபாட்டை ஒருபோதும் தவறவிட்டதில்லை. செய்தித் தமிழ் அந்த விகுதியைக் கைவிட்டது சரி. ஆனால் அதன் இடத்தில் “என்று கூறுகிறார்” என்பதையாவது வைக்க வேண்டும். இடம் போதவில்லை என்று தலைப்பிலிருந்து முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அடுத்தது, பெயர்ப்பலகையை நம்புவது. அந்த ஆய்வாளர் ஜெரார்ட் செஷயர். அவருடைய கட்டுரை ‘ரோமான்ஸ் ஸ்டடீஸ்’ என்ற ஆய்விதழில் வந்திருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தானே செய்திக்குறிப்பும் வெளியிட்டிருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சுவடியின் மொழி ‘ஆதி ரோமான்ஸ்’, அதாவது இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளின் மூதாதை, என்று அவர் சொன்னதையே மொழியியலாளரும் இடைக்கால ஆய்வாளரும் ஏற்க மறுத்தார்கள். சில நாள்களுக்குள் பல்கலைக்கழகம் அந்தக் குறிப்பைத் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. ஓர் இதழில் கட்டுரை வெளியாவது விவாதத்தின் தொடக்கம். அதை நாம் தீர்ப்பாக அச்சிட்டோம். எங்கள் திருத்தம் பின்பக்கத்தில் நான்கு வரிகளில் வந்தது. அதை வாசித்ததாக எவரும் என்னிடம் சொன்னதில்லை.

“கணினி வாசித்துவிட்டது” என்பது இன்னும் வலிய வசியம். 2018 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு இச்சுவடியை எபிரேயம் என்று கண்டுபிடித்ததாகச் செய்திகள் பரவின. மூலம் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரின் கட்டுரை. சொற்களின் எழுத்துகள் இடம் மாற்றப்பட்டிருக்கின்றன, உயிரொலிகள் விடப்பட்டிருக்கின்றன என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட சொற்கள் எபிரேய அகராதியில் கிடைத்தன.

அந்த 80 என்ன பெறுமதி என்பதைத் தமிழில் செய்து பார்த்தால் தெரியும். ப, ட, க என்ற மூன்று மெய்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயிரை உங்கள் விருப்பப்படி ஏற்றலாம், வரிசையையும் மாற்றலாம். படகு வரும். பாடகி, பகடை, கபடி எல்லாம் வரும். இப்படி அடுத்தடுத்த சொற்களையும் எடுத்தால் கடற்பயணமோ கச்சேரியோ சூதாட்டமோ, நீங்கள் தேடிய கதை கிடைக்கும். அகராதியில் சொல் இருக்கிறது என்பதால் பக்கத்தில் பொருள் இருக்கிறது என்று ஆகாது. முதல் வாக்கியம் என்று காட்டப்பட்டதுகூட, சில எழுத்துகளைத் திருத்திக் கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டு எடுக்கப்பட்டது.

இவ்வளவு தூரம் ஊகிக்காமல் எந்தப் பழைய ஏட்டை வாசிக்க முடியும் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இராது. கொடியும் கோடியும் ஒன்றுபோல எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவாக இருப்பதால் ‘தா’வும் ‘தர’வும் மயங்கும். ஆனால் ஓலையை வாசிப்பவர் விரும்பியதையெல்லாம் படித்துவிட முடியாது. தளை தட்டினால் யாப்பு காட்டிக்கொடுக்கும். வேறோர் ஊர்ப் பிரதி மறுக்கும். பழைய உரை இடித்துரைக்கும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பிரதிகளைத் தேடி ஒப்பிட்டதிலேயே பெரும்பாடு பட்டார். ஊகத்தை மறுக்கக்கூடிய சாட்சிகளை அவரே தேடிப் போனார். வொய்னிச் ‘வாசிப்பு’களில் நான் காணாதது இந்தச் சாட்சிகளைத்தான்.

பழைய எடுத்துக்காட்டு ஒன்று. 1921 இல் வில்லியம் நியூபோல்ட் என்ற பேராசிரியர் வொய்னிச் எழுத்துகளுக்குள் நுண்ணிய குறிகளைப் பூதக்கண்ணாடியால் கண்டு, நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கனுடையது என்றார். மை காய்ந்து வெடித்த கீறல்களையே அவர் படித்திருக்கிறார் என்று 1931 இல் ஜான் மேன்லி என்ற இன்னொரு அறிஞர் காட்டினார்.

அப்படியானால் உண்மையான வாசிப்பை எப்படி அறிவது? 1952 இல் மைக்கேல் வென்ட்ரிஸ், பண்டைய கிரேக்க நாட்டுக் களிமண் பலகைகளில் காணப்பட்ட ‘லீனியர் பி’ எழுத்தில் இருப்பது பழைய கிரேக்கம் என்று அறிவித்தார். ஐயம் இருந்தது. 1953 இல் தொல்லியலாளர் கார்ல் பிளெகன், கிரேக்கத்தின் பைலோஸில் தாம் அகழ்ந்தெடுத்த களிமண் பலகை ஒன்றை வென்ட்ரிஸின் அட்டவணையை வைத்துப் படித்துப் பார்த்தார். வென்ட்ரிஸ் அந்தப் பலகையைக் கண்டதே இல்லை. முக்காலிப் பாத்திரம் வரைந்திருந்த இடத்தில் முக்காலி என்ற சொல் வந்தது. நான்கு காதுள்ள சாடியின் பக்கத்தில் ‘நான்கு காது’ என்று வந்தது. காதில்லாத சாடிக்குக் ‘காதில்லாதது’ என்றே வந்தது. திறவுகோல் செய்தவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போன பிறகும் கதவு திறந்தது. வொய்னிச் பற்றிய செய்தி வந்தால் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: இந்த முறையை வைத்து இன்னொருவர் இன்னொரு பக்கத்தை வாசித்தாரா?

நமக்கே உரிய ஒரு தவறும் உண்டு. அதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு பெரியவர் கைபேசியில் வொய்னிச் சுவடி பற்றிய செய்தியைக் காட்டி, “தம்பி, பார்த்தீரா, அது தமிழாம்” என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் புரிந்துகொள்கிறேன். 1981 இல் நூலகம் எரிந்த ஊர் இது. தொன்மைக்குச் சான்று கிடைக்காதா என்ற ஏக்கம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அதனாலேயே தமிழ் என்று வரும் செய்தியை இருமடங்கு கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

ஆனைக்கோட்டை முத்திரையை நினைத்துப் பாருங்கள். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பெருங்கற்கால ஈமக்குழியிலிருந்து எடுத்தது. மேல் வரியில் மூன்று குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்துகள். வாசிக்கத் தெரிந்த அந்தப் பிராமி வரியிலேயே ‘கோவேத’ என்றும் ‘கோவேந்த’ என்றும் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். மேல் வரியை வைத்துச் சிந்துவெளி எழுத்து முழுவதையும் திறந்துவிட்டோம் என்று பகிரப்படும் செய்திகளுக்கு மூன்று குறிகள் தாங்கா. சிந்து முத்திரைகளே சராசரியாக ஐந்து குறிகள் அளவே உள்ளவை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அவற்றை வாசிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருப்பதால் இன்னும் பல அறிவிப்புகள் வரும்.

வொய்னிச் சுவடியில் உண்மையான முன்னேற்றம் இல்லாமல் இல்லை. அதை எழுதியவர்கள் ஐவர் என்று கையெழுத்தை ஆராய்ந்து லிசா ஃபேகின் டேவிஸ் 2020 இல் எழுதினார். எவரும் எளிதில் தலைப்பிட முடியாத செய்தி, ஆனால் அடுத்த ஆய்வாளர் கால் வைத்து நிற்கக்கூடிய இடம். முழுச் சுவடியின் படங்களும் பைனெக்கே நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பெரியவருக்கு மறுநாள் அவற்றைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் வீட்டுப் பரணில் பாட்டனார் வைத்தியச் சுவடி ஒன்று இருப்பதாகவும், அதை இறக்க யாராவது ஏணி பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.