சேனல் பெயரை விடுங்கள், ஃபில்டர் எண்ணைப் பாருங்கள்

ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, அவற்றில் ஏற்றிய சாயம் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) புதுச் சாயம் போடுவதாக இருந்தால், திரையில் உள்ள சேனல் பெயரை நம்பாமல் டிடெக்டருக்கு முன்னால் செருகியிருக்கும் ஃபில்டரின் எண்ணைப் பாருங்கள், பல நேரம் புது ஃபில்டர் வாங்கும் செலவே மிச்சமாகும். 530/30 என்றால் நடு 530, மொத்த அகலம் 30, அதாவது 515 முதல் 545 நானோமீட்டர் வரையிலான ஒளி மட்டும் உள்ளே போகும் (இரு பக்கமும் முப்பது முப்பது என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய). டிடெக்டராக இருக்கும் ஃபோட்டோமல்டிப்ளையருக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. விழுகிற ஒளியை மின்னோட்டமாக்கும், அவ்வளவுதான். அதனால் எஃப்ஐடிசி (ஒரு பச்சைச் சாயம்) என்று பெயர் போட்ட சேனலிலேயே ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்), அலெக்சா ஃப்ளூர் 488 (இன்னொரு பச்சைச் சாயம்) இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம், எல்லாவற்றையும் தூண்ட அதே 488 நானோமீட்டர் லேசர் போதும்.

ஆனால் ஒரே குழாயில் இவற்றைச் சேர்த்துப் போட்டால் காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதைக் கழிக்கும் கணக்கு) செய்தும் பிரிக்க முடியாது. சாயத்தைத் தூண்டும் லேசர் இல்லையென்றால் ஃபில்டர் பொருந்தியும் பயனில்லை. அப்புறம், ஸ்பெக்ட்ரல் கருவிகளுக்கு இந்தக் குறிப்பு வேண்டாம், அவை முழு நிறமாலையையும் பதிந்து கணக்கில்தான் பிரிக்கின்றன.