விலை இறங்கிய ரொறன்ரோவில் வீடு: புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. யாரோ ஒருவரின் பிள்ளையின் பிறந்தநாளில் ஒரு அண்ணை பக்கத்தில் வந்து இருந்து, "தம்பி, வாடகை கட்டிக் காசைக் கரைக்காதை. விலையெல்லாம் விழுந்து கிடக்கு, இதுதான் நேரம்" என்பார். நாலு கதிரை தள்ளி இருப்பவர் 2022 தொடக்கத்தில் வாங்கியவராக இருந்தால், "அந்த விசர் வேலையை மட்டும் பாக்காதை" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் தங்கள் கதையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் கணக்கு வேறு.

நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை 13 லட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியது. அடுத்த மாதமே கனடிய மத்திய வங்கி வட்டியைக் கூட்டத் தொடங்கியது. 0.25 வீதமாக இருந்தது 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது. பிறகு 2024 ஜூனிலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2025 ஒக்ரோபரில் 2.25 வீதத்துக்குக் கொண்டு வந்தார்கள். வட்டி குறைந்தும் விலை ஏறவில்லை. 2025இல் சராசரி விலை பெரும்பாலும் 10 லட்சத்துக்கும் 11 லட்சத்துக்கும் இடையில்தான் நின்றது. மோசமாக அடி வாங்கியவை கொண்டோக்கள் எனப்படும் அடுக்குமாடி வீடுகள், அதிலும் முதலீட்டுக்கென்றே கட்டிய சின்னச் சின்ன ஒற்றை அறை வீடுகள்.

"விழுந்தால் எழும்பத்தானே வேணும்" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1989இல் இங்கே சராசரி விலை ஏறத்தாழ 2 லட்சத்து 73 ஆயிரம். 1996இல் அது 2 லட்சத்துக்கும் கீழே போனது. பழைய இடத்துக்குத் திரும்ப 2002 ஆகிவிட்டது. பதின்மூன்று வருடம்! 83க்குப் பிறகு வந்து, இரண்டு வேலை செய்து, 89இல் அவசரப்பட்டு வாங்கிய நம்மவர்கள் சிலருக்கு அந்தப் பதின்மூன்று வருடம் நன்றாக நினைவிருக்கும். அவர்களிடம் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்களால் வாங்க முடியுமா? நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடைவிதிக்கும் சட்டம் 2023 ஜனவரியில் வந்தது. அதை 2027 தொடக்கம் வரை நீட்டியிருக்கிறார்கள். வேலை அனுமதியில் 183 நாட்களாவது மிச்சம் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் ஒரு வீடுதான். அதோடு முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்ட வேண்டிய ஒன்ராறியோ அரசின் 25 வீத வரி தனியாக இருக்கிறது. ரொறன்ரோ நகரத்துக்குள் வாங்கினால் 2025இலிருந்து நகரசபையின் 10 வீதமும் சேரும். விதிவிலக்குகள் இருக்கின்றன, திருப்பி எடுக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் அதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிரந்தர வதிவிடம் வரும்வரை பொறுக்க முடிந்தால் பொறுப்பதே நல்லது.

இனி நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். வீடு வாங்கும் எல்லோரும் கட்டும் காணி மாற்று வரியில், முதல் வீடு வாங்குபவருக்கு ஒன்ராறியோ 4,000 டொலர் வரை திருப்பித் தருகிறது. ரொறன்ரோ நகரம் அதற்கு மேல் 4,475 வரை தருகிறது. ஆனால் ‘முதல் வீடு' என்றால் கனடாவில் முதல் வீடு என்று அர்த்தமில்லை. உலகத்தில் எங்கேயும் உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. சீதனமாக எழுதிக் கொடுத்த யாழ்ப்பாணத்து வீடும் கணக்கில் வரும், அதில் பாதிப் பங்கு இருந்தாலும் வரும். "அது ஊரில இருக்கிற வீடுதானே" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால், பிறகு அரசாங்கம் கேட்கும்போது உறுதிமொழி கொடுத்தவர் நீங்கள்தான்.

இதே காரணத்துக்காகத்தான், மச்சானின் வீட்டுக் கடனுக்கு உதவியாக உங்கள் பெயரை உறுதியில் போடக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். உங்கள் முதல் வீட்டுச் சலுகை அங்கேயே போய்விடும். அதோடு மச்சானால் கட்ட முடியாமல் போனால் வங்கி உங்களைத் தேடி வரும். விலை ஏறும் காலத்தில், "வித்துக் கட்டிப்போட்டுப் போவம்" என்று தப்பலாம். இறங்கும் காலத்தில் விற்றாலும் கடன் தீராது. மறுப்பது சங்கடம்தான், குறிப்பாக அவர் வீட்டு பேஸ்மென்றிலேயே நீங்கள் குடியிருந்தால். வழக்கறிஞர் வேண்டாமென்று சொன்னார் என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீல்ஸ் தெருவுக்குத் தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். 8 லட்சம் டொலர் வீட்டுக்கு வடக்கே காணி மாற்று வரி 12,475. தெற்கே அதே வரியை மாகாணத்துக்கு ஒரு முறை, நகரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கட்ட வேண்டும். தெருவைக் கடந்தால் 12 ஆயிரம் மிச்சம். ஆனால் மார்க்கத்தில் அதே அளவு வீட்டுக்கு விலை பெரும்பாலும் கூட. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது முதலீட்டுக் கதைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, பெருமைப்படுகிற மாதிரி அல்ல.

2021இல் கட்டி முடிக்காத ஒரு கொண்டோவை 6 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் பதிவு செய்தேன். வைப்புப் பணம் 20 வீதம், தவணை தவணையாக 1 லட்சத்து 36 ஆயிரம் கொடுத்தாகிவிட்டது. 2024இல் சாவி கையில் வரும் நேரம் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பியது. கையில் ஒரு சின்ன லேசர் கருவியோடு வந்தார், சுவருக்குச் சுவர் அளந்தார், பல்கனியில் நின்று ஒரு படம் எடுத்தார், இருபது நிமிடத்தில் போய்விட்டார். மதிப்பு 5 லட்சத்து 70 ஆயிரம். வங்கி கடன் தருவது ஒப்பந்த விலைக்கு அல்ல, அன்றைய மதிப்புக்கு. அதில் 80 வீதம் என்றால் 4 லட்சத்து 56 ஆயிரம். நான் கட்ட வேண்டிய மிச்சம் 5 லட்சத்து 44 ஆயிரம். நடுவில் 88 ஆயிரம் டொலர் பள்ளம். அத்தானிடம் கைமாற்று வாங்கி, போட்டிருந்த சீட்டை நட்டத்துக்கு முந்தி எடுத்து நிரப்பினேன். விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். விட்டால் வைப்புப் பணம் போகும். கட்டுநர் அந்த வீட்டைக் குறைந்த விலைக்கு விற்று, வித்தியாசத்தைக் கேட்டு வழக்கும் போடலாம்.

அதனால்தான் சொல்கிறேன், வந்த புதிதில் யாராவது கண்ணாடி மேசையில் மாதிரிக் கட்டடத்தை வைத்து, சாப்பாடும் தந்து, ‘இன்று மட்டும்' விலை சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்குள் கையெழுத்தே வைத்துவிட்டீர்களா? ஒன்ராறியோவில் புதுக் கொண்டோ ஒப்பந்தமும் கட்டுநர் தரும் விபரக்கொத்தும் கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். பாவித்த வீட்டுக்கு அந்த வசதி கிடையாது.

"கட்டி முடித்த கொண்டோ மலிவாகத்தானே இருக்கு, வாடகைக்கு விடலாமே?" கணக்குப் போடுவோம். 6 லட்சத்துக்கு வாங்கி 20 வீதம் முன்பணம் கட்டினால் கடன் 4 லட்சத்து 80 ஆயிரம். 4.5 வீத வட்டி, 25 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 2,650. பராமரிப்புக் கட்டணம் 500, சொத்து வரி 200 என்று வையுங்கள். மொத்தம் 3,350. வாடகை 2,400 வந்தால் மாதம் 950 உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். விலை ஏறினால் மட்டுமே இந்தக் கணக்கு சரிவரும். அதை முதலீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடியிருக்க வாங்குவது வேறு. ஐந்தாறு வருடம் இருக்கப் போகிறீர்கள், வேலை ஓரளவு நிலையானது, தவணை கட்டியபின் சாப்பாட்டுக்கும் காருக்கும் மிச்சம் இருக்கிறதென்றால், இப்போது வாங்குபவருக்கு 2021இல் யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: நிபந்தனை. அன்று பதினைந்து பேர் போட்டி போட, பரிசோதனையும் இல்லாமல் வங்கி அனுமதியும் இல்லாமல் கையெழுத்து வைத்தார்கள். இன்று வங்கிக் கடன் கிடைத்தால்தான், பரிசோதனை சரிவந்தால்தான் என்று எழுதலாம். கொண்டோ என்றால் நிலைச் சான்றிதழை வழக்கறிஞர் பார்த்த பிறகுதான். நூறு டொலர் செலவில், கட்டடத்தின் சேமிப்பு நிதியும் வழக்குகளும் அதில் தெரிந்துவிடும். முகவர் நிபந்தனையை எடுக்கச் சொன்னால், உறவினராக இருந்தாலும் முகவரை மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் அவரோடு போட்ட பிரதிநிதித்துவ ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள்.

விற்பவர்களுக்கும் கொஞ்சம். முன்பு வந்து வாங்கி, இப்போது வேறு மாகாணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். இறங்கும் சந்தையில் முதலில் விற்று, பிறகு வாங்குங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு வீட்டுத் தவணை கழுத்தில் ஏறும். நிலையான வட்டிக் கடனை இடையில் முறித்தால் அபராதம் ஆயிரக்கணக்கில் வரலாம். விளம்பரம் போடுமுன் வங்கியிடம் தொகையைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 2022இல் வாங்கிய விலையை உங்கள் விலையாக வைக்காதீர்கள். முதல் இரண்டு கிழமையில் ஆள் வராவிட்டால் விலை பிழை. பேஸ்மென்றில் வாடகைக்கு ஆள் இருந்தால், வாங்குபவரோ அவரின் நெருங்கிய குடும்பத்தவரோ குடியேறப் போகிறார்கள் என்றால்தான் விற்பனைக்காக எழும்பச் சொல்லலாம். 60 நாள் அறிவித்தல், ஒரு மாத வாடகை இழப்பீடு. வாடகைக்கு இருப்பவர் எழும்ப மறுத்தால் வாடகைத் தகராறுகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மாதக்கணக்கில் இழுபடும்.

போன வசந்தத்தில் புதிதாக வந்த தம்பதி ஒன்றோடு வீடு பார்க்கப் போனேன். பேஸ்மென்ற் முழுக்கப் புதுப் பெயின்ற் வாசம். உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவுக்குப் பின்னால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, தண்ணி வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பரிசோதகர் கம்பள மூலையைத் தூக்கிக் காட்டினார். கீழே சீமெந்து கறுத்துக் கிடந்தது. நிபந்தனை இருந்ததால் வைப்புப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து அதே வீடு 70 ஆயிரம் குறைந்த விலையில், அதே படங்களோடு இன்னும் விற்பனைக்கு நின்றது.